அமைலேஸுக்கும் அமிலத்துக்கும் என்ன உறவு? நொதிப் பெயர்களில் வரும் ‘ஏஸ்’ எங்கிருந்து வந்தது?

மேலூர்டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். செரிமானப் பாடம் வந்தாலே வருஷா வருஷம் ஒரே இடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ‘அமைலேஸ்’ என்ற நொதியின் (என்சைம்) பெயரைப் பலகையில் எழுதினால் பாதிப் பேர் அதை அமிலத்தோடு சேர்த்துப் படிக்கிறார்கள். ‘அமைலேஸ் என்பது இரைப்பையில் சுரக்கும் அமிலம்’ என்று விடைத்தாளில் வருகிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, காதில் விழுவது அப்படித்தான் இருக்கிறது. ஆனால் உமிழ்நீரில் இருக்கிற அமைலேஸ் இரைப்பைக்குப் போய் அங்கே உள்ள அமிலத்தில் பட்டதும் வேலையை நிறுத்திவிடும். பெயரைக் கேட்டால் ஒரு மாதிரி, நடப்பது அதற்கு நேர் எதிர்.

இந்த முறை ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், அமைலேஸ், லிப்பேஸ், லாக்டேஸ் எல்லாத்துக்கும் கடைசியில ஏஸ் வருதே, பெப்சினுக்கும் டிரிப்சினுக்கும் ஏன் வரல?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. அகராதியில் பார்த்தால் ‘டயஸ்டேஸ் என்ற சொல்லிலிருந்து வந்த விகுதி’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அந்த டயஸ்டேஸ் என்றால் என்ன, அதன் வால் மட்டும் எப்படி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள், வகுப்பில் அப்படியே சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.

தேர்வுக்குருவி:

டீச்சர், இது சுலபம். ஏஸ் என்றால் உடைப்பது, சிதைப்பது. புரோட்டியேஸ் புரோட்டீனை உடைக்கும், லிப்பேஸ் கொழுப்பை உடைக்கும். நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

வைகைவடகரை:

தம்பி, செரிமானப் பாடத்துக்குள்ளேயே நின்றால் அது சரிபோலத் தெரியும், ஏனென்றால் அங்கே வருகிற நொதி எல்லாமே உடைக்கிற நொதி. பாடத்தைத் தாண்டிப் போ. டிஎன்ஏ பாலிமரேஸ் சின்னச் சின்ன அலகுகளைக் கோத்து நீளமான இழையாகக் கட்டுகிறது. லைகேஸ் அறுந்த இடத்தை ஒட்டுகிறது. கட்டுவதற்கும் ஏஸ், வெட்டுவதற்கும் ஏஸ். அதனால் ‘உடைப்பது’ என்ற பொருள் அந்த விகுதிக்குக் கிடையாது. கிரேக்கத்திலோ லத்தீனிலோ ‘ஏஸ்’ என்று இந்தப் பொருளில் ஒரு விகுதி இருந்ததே இல்லை.

இனி டீச்சர் கேட்டதற்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

1833இல் பிரான்சில் ஆன்செல்ம் பாயன், ழான் பிரான்சுவா பெர்சோ என்று இரண்டு வேதியியலாளர்கள் முளைகட்டிய பார்லியை எடுத்து ஆராய்ந்தார்கள். முளைத்த தானியத்தின் சாறு மாவுச்சத்துப் பசையை நீர்க்க வைத்து இனிப்பாக்குகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். இவர்கள் அந்தச் சாற்றில் ஆல்கஹாலைச் சேர்த்தார்கள், வெள்ளையாக ஒரு பொருள் கீழே படிந்தது. அதை உலர்த்தி எடுத்து வைத்து, மறுபடியும் தண்ணீரில் கரைத்துப் போட்டாலும் பசை நீர்த்தது. உயிருள்ள விதையிலிருந்து ஒரு நொதியை இப்படித் தனியே பிரித்து, கையில் எடுத்து, பெயரும் வைத்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெயர்தான் டயஸ்டேஸ். கிரேக்கத்தில் ‘டியாஸ்டாசிஸ்’ என்றால் விலகி நிற்றல், பிரிதல். ஏன் அந்தப் பெயர்? அன்றைக்கு மாவுச்சத்து மணி என்பது வெளியே ஒரு தோல், உள்ளே கரையக்கூடிய பசை என்று நினைத்தார்கள். இந்த வெள்ளைப் பொருள் தோலையும் உள்ளிருக்கும் பசையையும் பிரித்துவிடுகிறது என்பது அவர்கள் கணிப்பு, அதனால் ‘பிரிப்பது’ என்று பெயர். உண்மையில் அது செய்கிற வேலை வேறு. குளுக்கோஸ் அலகுகள் வரிசையாகக் கோத்த நீளமான சங்கிலியை, நீர் மூலக்கூறைச் சேர்த்து நடுநடுவே வெட்டுகிறது. அப்படி ஒரு சங்கிலி இருக்கும் என்ற எண்ணமே 1833இல் யாருக்கும் இல்லை. ஆக அந்தப் பெயர் அன்றைய கருத்தைச் சொல்கிறதே தவிர அந்தப் பொருளின் வேலையைச் சொல்லவில்லை.

இப்போது வாலுக்கு வருவோம். டியா என்பது ‘விலகி’. ஸ்டாசிஸ் என்பது ‘நிற்றல்’. அதில் ‘ஸ்டா’ என்பதுதான் வேர். சமஸ்கிருதத்தில் இதே வேர் ‘ஸ்தா’. நாம் தேவஸ்தானம், சமஸ்தானம், ஆஸ்தானம் என்று சொல்கிறோமே, எல்லாவற்றிலும் உள்ளது அதுதான். பிரெஞ்சுக்காரர்கள் டயஸ்டாஸ் என்ற சொல்லிலிருந்து கடைசித் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார்கள். வெட்டு விழுந்தது வேரின் நட்ட நடுவில். ‘ஸ்ட்’ அந்தப் பக்கம் போய்விட்டது, ‘ஆஸ்’ இந்தப் பக்கம் வந்துவிட்டது, அதுதான் ஆங்கிலத்தில் ‘ஏஸ்’. அதனால்தான் அந்தத் துண்டுக்குத் தனியாகப் பொருள் இல்லை. ஹெலிகாப்டரையும் இப்படித்தான் வெட்டினார்கள். அந்தச் சொல் ‘ஹெலிகோ’ (சுருள்), ‘ப்டெரோன்’ (சிறகு) என்ற இரண்டும் சேர்ந்தது, அதைத் தப்பான இடத்தில் பிரித்து ‘ஹெலி’யை எடுத்து ஹெலிபேட் ஆக்கினார்கள்.

வெட்டி எடுத்ததைப் பொது விதியாக்க முன்மொழிந்தவர் எமில் டுக்ளோ. லூயி பாஸ்டரின் மாணவர், பாஸ்டருக்குப் பிறகு பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தின் தலைவர். முதலில் கிடைத்த நொதியான டயஸ்டேஸை நினைவில் வைக்கும் விதமாக, எந்தப் பொருளின் மேல் நொதி வேலை செய்கிறதோ அந்தப் பொருளின் பெயரோடு ‘ஏஸ்’ சேர்த்துக்கொள்ளலாம் என்றார். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தது இது. அதற்கு முன்பே பெயர் வாங்கிவிட்ட பெப்சின் (தியோடர் ஷ்வான், 1836), டிரிப்சின் (வில்ஹெல்ம் கூனே, 1876) பழைய பெயரிலேயே நின்றுவிட்டன. உங்கள் மாணவி கேட்டதற்கு இதுதான் பதில். அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

மாசிவீதி_மருந்துக்கடை:

அய்யா எழுதியதைப் படித்ததும் கடை அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். இன்று பாடநூலில் அமைலேஸ் என்பதால் டயஸ்டேஸ் என்ற சொல் புத்தகத்தில் செத்துப்போயிருக்கலாம், மருந்துக்கடையில் சாகவில்லை. செரிமானத்துக்கு விற்கிற சிரப்பு, மாத்திரை எதை எடுத்தாலும் லேபிளில் ‘ஃபங்கல் டயஸ்டேஸ், பெப்சின்’ என்றோ ‘பப்பெயின், ஃபங்கல் டயஸ்டேஸ்’ என்றோதான் போட்டிருக்கும். ஆடி மாதம் கிடா வெட்டு முடிந்த மறுநாள் இந்தச் சிரப்பு கேட்டு வருகிறவர்கள் அதிகம். அமைலேஸ் என்று அதில் எழுதியிருந்தால் யாருக்கும் தெரியாது, டயஸ்டேஸ் என்றாலும் தெரியாதுதான், ஆனால் தொழிலில் இருக்கிற நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.

‘ஃபங்கல்’ என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஜப்பானில் வேகவைத்த அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து ‘கோஜி’ செய்வார்கள், சாக்கே மதுவும் சோயா சாறும் அதை வைத்துத்தான். ஜோகிச்சி தகமினே என்பவர் அமெரிக்கா போய், அந்தப் பூஞ்சையிலிருந்து மாவுச்சத்தை நீர்க்க வைக்கும் நொதியை எடுத்து 1894இல் காப்புரிமை வாங்கினார். ‘தகா டயஸ்டேஸ்’ என்று தன் பெயரின் முன்பாதியை அதில் வைத்தார். அட்ரினலினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்து அந்தப் பெயரை வைத்தவரும் இவரே. நம் பாட்டிலில் இருக்கிற ஃபங்கல் டயஸ்டேஸ் அந்த வழியில் வந்தது.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இது விற்கிற பொருள் என்பதற்காக நான் யாருக்கும் தினமும் குடிக்கச் சொல்வதில்லை. அடிக்கடி வயிறு உப்புசம் என்றால் டாக்டரைப் பாருங்கள்.

யானைமலை:

நல்ல தகவல்கள். ஆனால் எனக்கு ஒரு வருத்தம். ஆரம்பித்தவர்களே தவறாக எண்ணி வைத்த பெயர், அதையும் தப்பான இடத்தில் வெட்டிய துண்டு, அதை மேலூர்ப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்? நொதி என்று அழகான சொல் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் நொதியம் என்கிறார்கள். மாவு நொதி, கொழுப்பு நொதி, புரத நொதி, பால்வெல்ல நொதி என்று எழுதிவிட்டால் அமிலக் குழப்பமும் வராது, வால் குழப்பமும் வராது.

இன்னொன்று. முளைகட்டிய தானியத்தின் இந்த வேலையை நம் ஆட்கள் 1833க்காகக் காத்துக்கொண்டு இருக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கள் சமைக்கும் பகுதியைப் பாருங்கள். அரிசிக் களியைத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆறவைத்து, அதில் ‘நல்லடை’யைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து விளைவிக்கிறார்கள். நல்லடை என்பதை நெல்முளை என்று உரை சொல்கிறது. களியை ஆற வைத்த பிறகு முளையைச் சேர்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கொதிக்கும்போது சேர்த்தால் அது வேலை செய்யாது என்பது கைப்பழக்கத்தில் தெரிந்திருக்கிறது.

மேலூர்டீச்சர்:

யானைமலை அண்ணே, நொதி என்ற சொல்லை நான் விடவே மாட்டேன், வகுப்பில் முதலில் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் புரத நொதி என்று எழுதிவிட்டால் பெப்சின் எது, டிரிப்சின் எது, பப்பெயின் எது என்று எப்படிப் பிரிப்பது? மூன்றுமே புரதத்தை வெட்டுகின்றன, பெப்சின் இரைப்பை அமிலத்தில், டிரிப்சின் சிறுகுடலில் காரத்தன்மை உள்ள இடத்தில், பப்பெயின் பப்பாளிப் பாலில். இடமும் வேறு, வெட்டும் விதமும் வேறு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியே போகிற பிள்ளை மருத்துவமனை ரிப்போர்ட்டில் ‘சீரம் அமைலேஸ்’ என்று பார்த்தால் அது கணையத்துக்காக எடுத்த பரிசோதனை என்று புரிய வேண்டும் இல்லையா. பெயரை மாற்றுவதைவிடப் பெயரின் கதையைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்குப் பிடிப்பு வரும் என்பது என் எண்ணம்.

முளை பற்றிச் சொன்னது அருமை. தமிழ் எடுக்கிற டீச்சரிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

வைகைவடகரை:

டீச்சர் சொல்வதுதான் உலகம் முழுக்க நடந்தது. ஒவ்வொருவரும் அவரவர் இஷ்டத்துக்குப் பெயர் வைத்து, ஒரே நொதிக்கு நாலு பெயரும், ஒரே பெயரில் நாலு நொதியும் ஆகிப்போனது. அதனால்தான் சர்வதேச உயிர்வேதியியல் ஒன்றியம் ஒரு நொதி ஆணையம் அமைத்து, 1961இல் அறிக்கை வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பகுதி கொண்ட எண் கொடுத்தது. நம் ஆல்பா அமைலேஸின் எண் 3.2.1.1. முதல் எண் 3 என்றால் நீரைச் சேர்த்து வெட்டும் வகுப்பு. அப்போது ஆறு வகுப்பு, 2018இல் ஏழாவது சேர்ந்தது. பெப்சின், டிரிப்சின் மாதிரிப் பழைய பெயர்களை ஆணையமும் மாற்றவில்லை, பழகிவிட்டது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

யானைமலை தம்பி, தமிழில் பாடம் எழுதும்போது ‘அமைலேஸ் (மாவுச்சத்தை வெட்டும் நொதி)’ என்று முதல் இடத்தில் மட்டும் விளக்கம் போட்டாலே உன் கவலையில் பாதி தீரும்.

செல்லூர்த்தறி:

நான் படித்தது கம்மி, ஆனால் இந்தச் சரக்கைத் தினமும் கையில் தொடுகிற ஆள். நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவோம், இல்லையென்றால் தறியில் நூல் பிசிறு அடித்து அறுந்துகொண்டே இருக்கும். துணி இறங்கிய பிறகு அந்தக் கஞ்சியை எடுத்தால்தான் சாயம் ஒழுங்காக ஏறும், கஞ்சி நின்ற இடத்தில் திட்டுத் திட்டாகச் சாயம் பிடிக்காமல் போகும். சுங்குடிக்கு முடிச்சுப் போடும் முன்பும் துணியை அலசிக் கஞ்சி போக்குவது அதற்காகத்தான். பிராசஸிங் யூனிட்டில் இதற்கு டீசைசிங் என்று பெயர். முன்பு அமிலத்திலும் போடுவார்கள், கொஞ்சம் அசந்தால் நூலே நொய்ந்துவிடும். இப்போது என்சைம்தான். சூடு அளவோடு வைத்து, என்சைம் தண்ணீரில் ஊறவிட்டு அலசினால் கஞ்சி மட்டும் கரைந்து போகும், நூலுக்கு ஒன்றும் ஆகாது. போனதா இல்லையா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் விடுவோம். நீலம் அடித்தால் இன்னும் கஞ்சி இருக்கிறது.

என்சைம் கேனில் ஆல்பா அமைலேஸ் என்று இருக்கும். இது எங்கள் துணிக்கு மட்டும் உரிய கெமிக்கல் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். வாயில் ஊறுகிற எச்சிலில் இருப்பதும் இதே வகைதானா?

வைகைவடகரை:

அதே வகைதான் அண்ணே. உங்கள் கேனில் இருப்பது பெரும்பாலும் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது, சூடு தாங்கும். எச்சிலில் இருப்பது நம் உடல் சூட்டுக்கு ஏற்றது. வெட்டுகிற வேலை ஒன்றே. பருத்தி நூல் ஏன் தப்பிக்கிறது என்றால் நூல் செல்லுலோஸ். செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் கண்ணிகள் கோத்த விதம் வேறு, அமைலேஸால் அதை வெட்ட முடியாது. செல்லுலோஸைப் பிரித்துக் காட்டிப் பெயர் வைத்தது யார் தெரியுமா? டயஸ்டேஸ் எடுத்த அதே பாயன், 1838இல்.

ஐரோப்பாவில் துணி ஆலைகளிலும் இதற்கு முதலில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள். மேலூர்டீச்சர், பிள்ளைகளுக்கு இந்த அயோடின் சோதனையைச் செய்து காட்டலாம். சோற்றுக் கஞ்சியில் பாதியைத் தனியே எடுத்து, அதில் எச்சில் கலந்து கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக வைத்து இரண்டிலும் அயோடின் விடச் சொல்லுங்கள்.

ஞானஒளிவுபுரம்:

ஏஸ் கதை தெரிந்துவிட்டது. என்சைம் என்ற சொல்லையே யாரும் தொடவில்லையே, நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் தினமும் வேதம் வாசிக்கிற வழக்கம் உண்டு. தமிழ் வேதாகமத்தில் ‘புளித்த மா’ என்று வரும், பிசைந்த மாவு முழுவதையும் கொஞ்சம் புளித்த மா புளிக்க வைத்துவிடும் என்று பவுல் எழுதுகிற இடம். அதன் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘ஜூமே’. ரொட்டி மாவைப் பொங்க வைக்கிற பழைய மாவு, அதாவது தயிருக்கு உறைமோர் எப்படியோ அப்படி ரொட்டிக்கு. பஸ்காவுக்குப் புளிப்பில்லாத அப்பம் என்கிறோமே, அது கிரேக்கத்தில் ‘அஜூமா’, ஜூமே இல்லாதது.

என்சைம் என்பது ‘என் ஜூமே’. புளித்த மாவுக்குள், ஈஸ்ட்டுக்குள் இருப்பது. வில்ஹெல்ம் கூனே ஹைடல்பெர்க்கில் 1876இல் இந்தச் சொல்லை முன்வைத்தார். அப்போது நொதித்தல் பற்றி ஒரு பெரிய சச்சரவு இருந்தது. சர்க்கரை சாராயமாக மாறுவதற்கு உயிருள்ள ஈஸ்ட் வேண்டும் என்று பாஸ்டர் உறுதியாகச் சொன்னார். பெப்சினோ உயிர் இல்லாமல் கண்ணாடிக் குழாயிலேயே இறைச்சியைக் கரைத்தது. இரண்டையுமே ‘ஃபெர்மென்ட்’ என்று ஒரே சொல்லால் சொன்னதால் யார் எதைப் பேசுகிறார்கள் என்றே புரியாத நிலை. உயிர் தேவைப்படாத அந்த இரண்டாவது வகைக்கு மட்டும் தனிப்பெயர் வேண்டும் என்று கூனே என்சைம் என்றார். ஈஸ்ட்டுக்குள் ஏதோ ஒன்று இருந்து இந்த வேலையைச் செய்கிறது, அதற்கு மேல் எந்தக் கொள்கையையும் இந்தப் பெயரில் நான் ஏற்றவில்லை என்பது அவர் நிலை. டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தவர்கள் தங்கள் கொள்கையைப் பெயருக்குள் வைத்தார்கள், இவர் வைக்கவில்லை. எனக்கு இந்த நிதானம் மிகவும் பிடிக்கிறது.

சச்சரவு தீர்ந்தது 1897இல். எடுவார்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்து, பிழிந்து, உயிர் இல்லாத சாறு எடுத்தார். அதில் சர்க்கரை சேர்த்ததும் குமிழி விட்டது. உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலே சாராயமும் கரியமில வாயுவும் வந்தன. அந்தச் சாற்றில் உள்ளதற்கு ‘ஜைமேஸ்’ என்று பெயர் வைத்தார், முன்பாதி புளித்த மா, பின்பாதி டயஸ்டேஸின் வால். 1907இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு அந்த ஜைமேஸ் ஒன்றல்ல, வரிசையாக வேலை செய்கிற பல நொதிகள் என்று தெரியவந்தது.

தேர்வுக்குருவி:

அண்ணே, அப்படியென்றால் நம் இட்லி மாவில் இருப்பதும் ஈஸ்ட்டா? என்சைம் என்றால் ஈஸ்ட்டுக்குள் இருப்பது என்கிறீர்களே.

வைகைவடகரை:

இட்லி மாவில் பெரிய வேலை பாக்டீரியாவுடையது, அதிலும் முக்கியமானது லியூகோநாஸ்டாக் என்ற வகை. அதுதான் வாயுவை விட்டு மாவைப் பொங்க வைக்கிறது, புளிப்பும் தருகிறது. ஈஸ்ட்டும் கொஞ்சம் இருக்கும். நொதிகள் எல்லா உயிரிலும் உண்டு, உன் உடம்பில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. கூனே பார்த்த இடம் ஈஸ்ட் என்பதால் பெயரில் ஈஸ்ட் நின்றுவிட்டது.

சிம்மக்கல்_அக்கா:

டீச்சர் முதலில் கேட்ட அமைலேஸுக்கு நேரடிப் பதில் இன்னும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். வால் டயஸ்டேஸ், தலை ‘அமைல்’. கிரேக்கத்தில் ‘அமூலோன்’ என்றால் மாவுச்சத்து. ‘மூலே’ என்பது திரிகை, முன்னால் உள்ள ‘அ’ இல்லை என்பதற்கு. திரிகையில் அரைக்காதது என்று அர்த்தம். பழங்காலக் கிரேக்கர்கள் கோதுமையை ஊறவைத்து, திரிகையில் போடாமல் மிதித்துப் பிசைந்து, பாலைப் பிழிந்து, தெளியவிட்டு, அடியில் படிந்ததை வெயிலில் காயவைத்துச் சத்தை எடுத்தார்கள். மாவு என்றால் திரிகையில் அரைத்தது, இது அரைக்காமல் கிடைத்த மாவு, அதனால் அந்தப் பெயர். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுத்துப் பழகியவர்களுக்கு இது கண்ணில் தெரியும். ஊறவைத்துப் பிழிந்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேலே நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டு அடியில் உள்ளதை எடுக்கிறோமே, அந்த அடிச்சத்துதான் அமூலோன்.

அமிலம் அதற்குச் சொந்தமே இல்லை. அமிலம் சமஸ்கிருத ‘அம்ல’ வழி வந்தது, அதற்குப் புளிப்பு என்று பொருள். கிரேக்க ‘அ’ எதிர்மறை, சமஸ்கிருத ‘அம்ல’ முழுச்சொல். பலகையில் ஒரு பக்கம் திரிகையும் இன்னொரு பக்கம் புளியங்காயும் வரைந்து காட்டுங்கள் டீச்சர், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

முளைகட்டிய கேப்பை மாவையும் காட்டலாம். முளைகட்டி, நிழலில் உலர்த்தி, லேசாக மட்டும் வறுத்து அரைக்க வேண்டும், கருக வறுத்தால் நொதி போய்விடும். சாதாக் கேப்பைக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இந்த முளை மாவை ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் கஞ்சி தண்ணியாகிவிடும். தண்ணீர் ஒரு சொட்டுச் சேர்க்காமலே. கைக்குழந்தைக்குக் கெட்டிக் கஞ்சி இறங்காது, தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்தால் சத்துக் குறையும். முளை மாவு போட்டால் இரண்டு பிரச்சினையும் தீர்கிறது. பாயனும் பெர்சோவும் பார்த்தது இதைத்தான்.

மாசிவீதி_மருந்துக்கடை:

அக்கா, மட்டன் வேகப் பப்பாளிக்காய் போடுவதையும் எழுதுங்கள்.

சிம்மக்கல்_அக்கா:

ஆமாம், முற்றல் கறி என்றால் பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்துத் தடவி வைப்போம். காயின் பாலில் இருக்கிற பப்பெயின் கறியின் புரதத்தை வெட்டுகிறது. பழுத்தால் பால் குறைந்துவிடும், அதனால் காய்தான் வேண்டும். பெயரைப் பார்த்தாலே தெரியும், பப்பாளியும் பப்பெயினும் கரீபியன் தீவுப் பக்கத்து மொழியில் இருந்து ஸ்பானியர், போர்ச்சுக்கீசியர் வாய் வழியாக வந்த ஒரே சொல்தான். அதிக நேரம் ஊறவிட்டால் கறி குழைந்து கூழாகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞானஒளிவுபுரம்:

பெப்சினையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். கிரேக்கத்தில் ‘பெப்சிஸ்’ என்றால் வேகுதல், செரித்தல் இரண்டும். வயிறு சோற்றை இரண்டாம் தடவை சமைக்கிறது என்பது அந்தக் காலத்து எண்ணம். இதே வேர் சமஸ்கிருதத்தில் ‘பச்’. அதிலிருந்து ‘பக்வ’, அதிலிருந்து நாம் அன்றாடம் சொல்கிற பக்குவம். பாகம் என்பதும் அதே வழிதான், நளபாகம் என்கிறோமே. இரைப்பையில் உள்ள பெப்சினும் அடுப்பில் பார்க்கிற பக்குவமும் ஒரே வேரின் இரண்டு கிளை.

யானைமலை:

இது எனக்குப் புதிது. பக்குவத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் பெப்சின் தானாக மனதில் நிற்கும். ஆனாலும் நொதி என்ற சொல்லைப் பாடநூலில் ஒவ்வொரு பக்கத்திலும் போட வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ‘அமைலேஸ் நொதி’ என்றாவது எழுதட்டும், வெறும் ‘அமைலேஸ்’ என்று விடக் கூடாது.

மேலூர்டீச்சர்:

அதை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன் அண்ணே. அமைலேஸ் நொதி, பெப்சின் நொதி என்றுதான் இனிப் பலகையில் எழுதப்போகிறேன், அமிலம் என்று யாரும் படிக்க மாட்டார்கள்.

எல்லோருக்கும் நன்றி. திரிகை, புளியங்காய், கேப்பைக் கஞ்சி, அயோடின் எல்லாம் குறித்துக்கொண்டேன். செல்லூர் அண்ணே, கஞ்சி போட்ட துணித் துண்டும் கஞ்சி எடுத்த துணித் துண்டும் கொஞ்சம் கிடைக்குமா? இரண்டிலும் அயோடின் விட்டுக் காட்ட வேண்டும்.

கடைசியாக ஒரு சந்தேகம். உமிழ்நீர் நொதிக்குப் பழைய பெயர் டயலின் என்று பாடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ‘பி’ எழுத்து வருகிறதே, உச்சரிப்பில் இல்லையே, அது எதற்கு?

செல்லூர்த்தறி:

துணி எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் டீச்சர். ஒரே தானில் வெட்டிய இரண்டு துண்டாகத் தருகிறேன், அப்போதுதான் பிள்ளைகளுக்கு வித்தியாசம் சரியாகத் தெரியும். மேலூருக்கு வருகிற ஆள் யாரிடமாவது கொடுத்துவிடுகிறேன்.

வைகைவடகரை:

டீச்சர், கிரேக்கத்தில் ‘ப்டுவோ’ என்றால் துப்புகிறேன், ‘ப்டுவலோன்’ என்றால் எச்சில். கிரேக்கர்கள் அந்த ‘ப்’பையும் சேர்த்தே உச்சரித்தார்கள். ஆங்கிலேயருக்குச் சொல்லின் தொடக்கத்தில் ‘ப்ட்’ வாயில் வராது, அதனால் ஒலியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தமிழில் நாம் ஒலியைப் பார்த்து எழுதியதால் டயலின் ஆயிற்று. அந்த வினைச்சொல் துப்புகிற சத்தத்தைப் போலச் செய்தது. நம் ‘தூ’வும் அப்படித்தான் வந்தது, ஆனால் இரண்டுக்கும் சொந்தம் எதுவும் கிடையாது, ஆளுக்கு ஆள் தனியாகத் துப்பியதில் பிறந்தவை. டயலினுக்கும் ‘டயஸ்டேஸ்’ஸுக்கும் முன்னால் ‘டய’ வருவதைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று எழுதும் பிள்ளைகளும் இருப்பார்கள், அதையும் பலகையில் பிரித்துக் காட்டிவிடுங்கள்.